படிமமும் தையலும்: பொறிப் பூத்தையல் பற்றிய ஒரு விமரிசன நோக்கு

ஒரு கலைவடிவில் தோன்றிய ஆக்கம் மற்றொரு கலைவடிவுக்குப் பெயர்க்கப்படும்போது எழும் பிரச்சினைகள் நமது விமரிசனத்துக்குப் புதியனவல்ல. காவியம் நாடகமாவதும், நாவல் திரைப்படமாவதும், கூத்து நவீன மேடைக்கு வருவதும் நம்மிடையே வேண்டிய அளவு விவாதிக்கப்பட்டுள்ளன. மூலத்துக்கு விசுவாசமாயிருத்தல் என்பது யாது, பெயர்ப்பவரின் பங்கு எத்தகையது, புதிய ஊடகம் தனக்கெனக் கோரும் நியாயங்கள் எவை என்னும் வினாக்கள் அவ்விவாதங்களிற் பலமுறை எழுப்பப்பட்டன. ஆயின், நாளாந்தம் நாம் அணியும் உடையிலேயே நிகழ்ந்துவிடும் பெயர்ப்பொன்றை விமரிசகர் பொருட்படுத்துவது அரிது. கணினித் திரையிலுள்ள இலக்கமுறைப் படிமம் ஒன்றைப் பூத்தையற் பொறி தைக்கத்தக்க தையற் கோப்பாக மாற்றுதலே அது. பாடசாலை இலச்சினை, விளையாட்டுக் கழகச் சின்னம், சேலைக்கரைப் பூ, தொப்பியிலுள்ள நிறுவனப் பெயர் ஆகிய யாவும் இம்மாற்றத்தின் வழியாகவே துணியை அடைகின்றன.

இது தொழினுட்பக் கல்லூரிக்குரிய பொருளன்றோ, தமிழ்ச் சங்கத்தின் ஆண்டிதழுக்கு இதில் என்ன வேலை எனச் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. எனினும், ஓர் ஊடகத்திலிருந்து மற்றொன்றுக்கு அர்த்தம் எவ்வாறு கடத்தப்படுகின்றது என்பது இலக்கிய மாணவரின் அடிப்படை வினாக்களுள் ஒன்று. தொழினுட்பத்தின் பெயரால் அவ்வினா மூடிமறைக்கப்படும்போது அதனைத் திறந்துகாட்டுதல் விமரிசனத்தின் கடமையாகும். இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து ஒன்றே. படிமத்தைத் தையலாக்குதல் நகலெடுத்தலன்று. அது ஒருவகை வாசிப்பு. வாசிப்பாயின் அதற்கொரு வாசகர் வேண்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் படம் தையலாகிவிடும் எனக் கூறி விற்கப்படும் மென்பொருள்கள் மறைப்பது இந்த வாசகரையே.

முதலில், பெயர்க்கப்படுவதும் பெயர்ப்பின் பேறாகக் கிடைப்பதும் எத்தகையன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். இலக்கமுறைப் படிமம் என்பது நிறங்களின் அட்டவணை ஆகும். நிரைகளாகவும் நிரல்களாகவும் அடுக்கப்பட்ட படப்புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் அளவுகள் குறிக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் அளவும் 256 படிகளைக் கொண்டதாயின், 1 கோடியே 67 இலட்சத்துக்கு மேற்பட்ட நிறங்களை அது குறிக்கவல்லது. இப்புள்ளிகளுக்கிடையே முன்பின் இல்லை. அனைத்தும் ஒரே கணத்தில் நம் கண்முன் நிற்கின்றன.

தையற் கோப்போ முற்றிலும் வேறானது. யப்பானிய தஜீமா நிறுவனத்தின் பொறிகளுக்கென வகுக்கப்பட்டு, இன்று தொழிற்சாலைப் பொறிகளிற் பரவலாக ஏற்கப்படும் டீ.எஸ்.ரி. என்னும் கோப்பு வகையை உதாரணமாகக் கொள்வோம். அதில் ஒவ்வோர் ஊசிக்குத்துக்கும் மூன்று பைற்றுக்களாலான ஒரு பதிவு உண்டு. முந்திய குத்திலிருந்து இடமோ வலமோ, மேலோ கீழோ எவ்வளவு நகரவேண்டும் என்பதை அப்பதிவு 0.1 மில்லிமீற்றர் அலகிற் கூறும். ஒரு பதிவினால் ஓர் அச்சுவழியே 12.1 மில்லிமீற்றருக்கு மேல் நகரவியலாது. இவற்றோடு, தைக்காமல் தாவுக, நிறுத்தி நூலை மாற்றுக, முடிக்க என்னும் சில கட்டளைகள் உள்ளன. நூல் மாறவேண்டிய இடத்தை அக்கோப்பு அறியும்; மாற்றப்படும் நூல் சிவப்பா நீலமா என்பதை அது அறியாது. அதனைப் பொறியாளரே தாளிற் குறித்து வைத்துக்கொள்ளல் வேண்டும்.

ஆகவே, நிறமன்றி வேறெதனையும் கூறாத ஒன்று, நிறத்தையே கூறாத ஒன்றாக மாற்றப்படுகின்றது. படிமம் கூறாத மூன்று விடயங்களைத் தையற் கோப்புக் கூறியே ஆகவேண்டும். எது முதலில், எது பின்னர் என்னும் ஒழுங்கு ஒன்று. நூல் எத்திசையிற் கிடக்கவேண்டும் என்பது மற்றொன்று. எவ்வளவு நெருக்கமாகக் கிடக்கவேண்டும் என்பது மூன்றாவது. இவை படிமத்தில் இல்லையாதலின் அவற்றைப் படிமத்திலிருந்து 'எடுக்க' முடியாது. யாரேனும் ஒருவர் தீர்மானித்தே ஆகவேண்டும். இத்தீர்மானங்களின் தொகுதியையே நாம் வாசிப்பு என்கின்றோம்.

அளவிலும் இவ்வேறுபாடு தெளிவாகும். நிரைக்கு 1,000 வீதம் 1,000 நிரைகளிற் படப்புள்ளிகள் கொண்ட படிமத்தில் மொத்தம் 10 இலட்சம் புள்ளிகள் உண்டு. அதனை 10 சென்ரிமீற்றர் சதுரத் துணியிற் தைப்பதாகக் கொள்வோம். வழக்கிலுள்ள பூத்தையல் நூலுக்கு நிரைகளுக்கிடையே ஏறக்குறைய 0.4 மில்லிமீற்றர் இடைவெளி விடுவர். அவ்வாறாயின் 250 நிரைகளே அடங்கும். ஒவ்வொரு தையலும் 4 மில்லிமீற்றர் நீளமெனின் நிரைக்கு 25 வீதம் 6,250 தையல்களே இடம்பெறும். 10 இலட்சம் கூற்றுக்களை 6,250 கூற்றுக்களாகச் சுருக்குபவர் எதனை விடுவது என்பதை அறிந்திருத்தல் வேண்டும். சுருக்கம் எழுதப் பழகிய எந்த மாணவரும் இதனை உணர்வர்.

துணியும் வெறும் தாளன்று. ஒவ்வொரு தையலும் தன் நீளவாக்கில் துணியை உள்ளே இழுக்கின்றது. குறுக்குவாக்கில் அதனை வெளியே தள்ளுகின்றது. கிடையான தையல்களால் நிரப்பப்பட்ட வட்டமொன்று, கோப்பில் நேர்த்தியான வட்டமாக இருந்தாலும், துணியில் ஒடுங்கி உயர்ந்த முட்டை வடிவமாகவே அமையும். இதனை அறிந்தவர் திரையில் வட்டத்தை அகலமாக்கி வரைவர். அதாவது, துணியில் உண்மையாயிருப்பதற்காகக் கோப்பிற் பொய்யாயிருத்தல் அவசியமாகின்றது. அவ்வாறே, மேலே தெரியும் தையலுக்கு முன்னர், துணியை நிலைப்படுத்துவதற்கெனக் கண்ணுக்குப் புலனாகாத அடித்தையல் ஒன்று இடப்படும். மூலப்படத்தில் இதற்கு யாதொரு நிகரும் இல்லை. ஆனால், அது இல்லாவிடின் மேற்றையல் துணியில் அமிழ்ந்துவிடும்.

இவை யாவற்றினும் நுட்பமானது ஒளி. ரேயோன், பொலியெஸ்ரர் நூல்கள் மினுமினுப்புடையவை. அவை கிடக்கும் கோணத்துக்கேற்ப ஒளியைத் திருப்புகின்றன. தாமரையிதழ் ஒன்றை நடு நரம்பின் இருபுறமும் வெவ்வேறு சரிவிற் தைத்தால், ஒரே நிற நூலாயினும் ஒருபாதி வெளிறியும் மறுபாதி செறிந்தும் தோன்றும். பார்ப்பவர் நகர, இதழின் ஒளியும் நகரும். இது ஓவியத்தால் இயலாத, தையலுக்கே உரிய பேறு. புகைப்படத்தில் இருந்த நிழலை நான்கு நிற நூல்களாற் போலச்செய்பவர் இப்பேற்றை அறியாதவர். ஒரே நூலின் திசையை மாற்றி நிழலை ஆக்குபவர் ஊடகத்தின் மொழியைப் பேசுபவர். இவ்விருவருக்குமிடையே உள்ள வேறுபாடே இத்துறையில் தரவேறுபாடு எனலாம்.

இவ்வேறுபாடு கணினியோடு பிறந்ததன்று. அதன் வரலாற்றுப் பின்புலத்தைச் சிறிது நோக்குதல் பயனுடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேர்லினில் அச்சாகிய பூத்தையல் மாதிரிகள் சதுரக்கட்டத் தாளில், கட்டத்துக்கு ஒரு நிறமாகக் கையினால் வர்ணந்தீட்டப்பட்டவை. ஒரு கட்டம் ஒரு தையலுக்குச் சமம். கட்டங்களை எண்ணத் தெரிந்த எவரும் மலர்க்கொத்தையோ புகழ்பெற்ற ஓவியத்தையோ கம்பளி நூலில் தைத்துவிடலாம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடுத்தர வர்க்க இல்லங்களில் இது பெருவழக்காயிற்று. 1856இல் வில்லியம் பேர்க்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டறிந்தபின் நிறங்களும் பெருகின. இன்றைய படப்புள்ளியின் முன்னோடி அக்கட்டத் தாள் எனின் மிகையாகாது. அக்கட்டமும் நிறத்தை மாத்திரமே கூறிற்று. தைப்பவரிடமிருந்து தீர்மானம் எதனையும் அது வேண்டவில்லை.

இதற்குச் சற்று முன்னர், இங்கிலாந்தின் மேரி லின்வூட் (1755-1845) வேறொரு வழியால் இதே எல்லையை அடைந்தார். ரெனோல்ட்ஸ், கேன்ஸ்பறோ முதலியோரின் ஓவியங்களை அவர் கம்பளி நூலிற் பெயர்த்தார். தூரிகை வீச்சைப் போலச்செய்யும் வண்ணம் நீளங் குறைந்தும் கூடியும் அமைந்த தையல்களை அவர் கையாண்டார். இலண்டன் லெஸ்ரர் சதுக்கத்தில் அவரது காட்சி பல்லாண்டுகள் நீடித்தது. மக்கள் கட்டணம் செலுத்திப் பார்த்தனர். கார்லோ டொல்சியின் ஓவியத்தைத் தழுவிய ஆக்கத்தை அவர் விக்ரோறியா அரசிக்கு விட்டுச்சென்றார். எனினும், அவர் மறைந்தபின் ஏனைய ஆக்கங்கள் மிகச் சொற்ப விலைக்கே ஏலம்போயின. இதனை இரசனை மாற்றம் என்று மட்டும் கூறி அமைதல் போதாது. 'நூலென்று தெரியவில்லையே' என்னும் வியப்பே ஒரு தையலின் முதன்மைப் பேறாயின், அவ்வியப்பு அடங்கியதும் எஞ்சுவது மூல ஓவியரின் பெயரே. திறமையில் லின்வூட் குறைந்தவரல்லர். தம் திறமையைத் தம் ஊடகத்தை மறைப்பதற்குச் செலவிட்டமையே அவரது அவலம்.

இதற்கெதிரான குரல் வில்லியம் மொறிஸ் வட்டத்திலிருந்து எழுந்தது. பழைய தையல்களைப் பிரித்துப் பார்த்தே மொறிஸ் அத்தொழிலைக் கற்றார். அவரது மகள் மே மொறிஸ் 1885இல் மொறிஸ் நிறுவனத்தின் பூத்தையற் பகுதியைப் பொறுப்பேற்று, 1893இல் அலங்காரத் தையல் பற்றிய நூலொன்றையும் வெளியிட்டார். தையல் ஓவியத்தின் நிழலாகாது, தன் நூலும் துணியும் தரும் வாய்ப்புக்களிலிருந்தே அது தன் அழகைப் பெறல் வேண்டும் என்பதே இவ்வட்டத்தினரின் நிலைப்பாடு. இதே மரபின் தொடர்ச்சியாகவே, நம் நாட்டவரான ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலையும் கொள்ளல் தகும். மொறிஸின் கெல்ம்ஸ்கொற் அச்சகத்திற் பயன்பட்ட பொறியிலேயே அந்நூல் அச்சாயிற்று. கைவினையைக் கைவினைஞரின் வாழ்விலிருந்து பிரித்து நோக்கலாகாது என்பது அவருடைய அடிப்படைக் கொள்கை.

எனினும் மொறிஸ் வட்டத்தினரின் விடை நமக்குப் போதுமானதன்று. அவர்களது தையல்கள் செல்வந்தரின் இல்லங்களையே பெரும்பாலும் அலங்கரித்தன; பொறியோ அதற்கு முன்னரே தன் பாதையில் வெகுதூரம் சென்றுவிட்டது. மியூல்ஹவுசைச் சேர்ந்த யோசுவா ஹெயில்மான் 1828இல் கைப் பூத்தையற் பொறியை உருவாக்கினார். ஐசாக் குறோப்ளி 1863இல் ஷிவ்லிப் பொறியை ஆக்கினார். 1898இல் அவரது மகன் துளையட்டைகளால் இயங்கும் தன்னியக்கப் பொறியை அமைத்தார். கிழக்குச் சுவிற்சர்லாந்தின் சென் காலன் பிரதேசம் இப்பொறிகளால் உலகச் சந்தையைக் கைப்பற்றிற்று. குடிசைகளில் ஆண்கள் பொறியை இயக்க, பெண்களும் சிறுவரும் நூற்றுக்கணக்கான ஊசிகளுக்கு நூல் கோத்தனர். முதலாம் உலக யுத்தத்தின் பின்னர் அத்தொழில் பெருவீழ்ச்சி கண்டது.

நம் ஆய்வுக்கு முக்கியமானது, சென் காலனில் ஓவியருக்கும் பொறிக்கும் இடையே தோன்றிய மூன்றாமவர். ஓவியர் வரைந்த மாதிரியை ஆறு மடங்கு பெருப்பித்து, அதில் ஒவ்வொரு தையலும் விழவேண்டிய இடத்தைக் கோடுகளாற் குறிப்பது அவர் தொழில். பொறியை இயக்குபவர் அக்குறிகளைப் பன்டோகிராப் என்னும் கருவியின் முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுச் செல்வார். துளையட்டை வந்தபின் அவ்விடத்தைத் துளையிடுபவர் பெற்றார். 1980களிற் கணினி அவ்விடத்துக்கு வந்தது. இன்றும் தையற் கோப்பு ஆக்குதலைத் தொழிலில் உள்ளோர் 'பஞ்சிங்' என வழங்குவது அப்பழைய துளையிடலின் எச்சமாகும். கருவிகள் மாறின, வாசிப்பவரின் தேவை மாறவில்லை. பொறித் தையலிலும் மனிதத் தீர்மானம் உண்டு என்பதை மொறிஸ் வட்டத்தினர் போதிய அளவு கவனிக்கவில்லை. கையா பொறியா என்பதன்று உண்மையான வினா. தீர்மானித்தவர் யார் என்பதே வினா.

இனி, தன்னியக்க மாற்றத்தை நோக்குவோம். அம்மென்பொருள் முதலில் படிமத்தின் நிறங்களைச் சிலவாகக் குறைக்கின்றது. பின்னர், ஒரே நிறமுள்ள பகுதிகளைப் பிரித்து அவற்றின் எல்லைகளைக் கோடுகளாக்குகின்றது. ஒடுங்கிய பகுதிக்குச் சற்றின் தையலும் அகன்ற பகுதிக்கு நிரப்புத் தையலும் இட்டு, வரிசையொன்றைக் கணித்துத் தருகின்றது. இவற்றுள் எதுவும் சிறுமைப்படுத்தத்தக்கதன்று. ஆயின், அம்மென்பொருளுக்கு நிறமாற்றமே எல்லை. முகமொன்றின் கன்னத்தில் விழுந்த நிழலும், கன்னத்துக்கு அப்பாலுள்ள கூந்தலும் ஒரே கருமையாயின் இரண்டையும் ஒரே பகுதியாக்கி ஒரே திசையில் நிரப்பிவிடலாம். கூந்தல் கீழ்நோக்கி ஓடும், கன்னம் வளையும் என்பதைப் படம் பார்க்கும் குழந்தையும் அறியும். நிறத்தின் எல்லையையும் பொருளின் எல்லையையும் வேறாகக் காணுதலே வாசிப்பின் முதற்படி.

புகைப்படத்தை அப்படியே தைப்பதாகக் கூறும் மற்றொரு முறையும் உண்டு. படத்தின் கருமைக்கேற்ப அடர்ந்தும் ஐதாகியும் செல்லும் கோடுகளைப் பல நிறங்களில் ஒன்றன்மேலொன்றாக அது இடுகின்றது. சற்றுத் தூரத்தில் நின்று பார்த்தால் முகம் தெரியும், வியப்பும் உண்டாகும். ஜோர்ஜ் லூக்காக்ஸ் 1936இல், எடுத்துரைத்தலுக்கும் வெறும் விவரணைக்கும் இடையே வகுத்த வேறுபாட்டை இங்கு நினைவுகூரலாம். இயற்பண்புவாதம் கண்ணிற்பட்டவை அனைத்தையும் சமமாகப் பதிவுசெய்யும். யதார்த்தவாதம் சாரமானதைத் தேர்ந்து உறவுபடுத்தும். கண்ணின் கருமணிக்கும் பின்னணிச் சுவரின் கறைக்கும் ஒரே கவனத்தை வழங்கும் தையல், இயற்பண்புவாதத்தின் குறைபாட்டையே துணியில் மீளச்செய்கின்றது. தேர்வற்ற விசுவாசம் விசுவாசமன்று. அது பொறுப்பைத் தட்டிக்கழித்தலாகும்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அதனை நேர்மையோடு எதிர்கொள்ளல் வேண்டும். தன்னியக்கம் ஒரு சிலரது ஏகபோகமாயிருந்த நுட்பத்தைப் பலருக்கும் உரியதாக்குகின்றது என்பர். இதில் உண்மை உண்டு. தட்டையான நிறங்களும் தெளிந்த எல்லைகளும் கொண்ட எளிய சின்னத்துக்குத் தன்னியக்க மாற்றம் பெரும்பாலும் போதுமானது. ஆயினும் சனநாயகப்படுத்தல் இருவகைப்படும். தீர்மானிக்கும் ஆற்றலைப் பலருக்கும் அளித்தல் ஒருவகை. தீர்மானமே வேண்டாமெனப் பலரையும் நம்பவைத்தல் மற்றொருவகை. இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல மென்பொருளான இங்க்ஸ்ரிச் போன்றவை, தையலின் கோணம், அடர்த்தி, ஒழுங்கு ஆகியவற்றைப் பயனர் தாமே நிர்ணயிக்க இடமளிக்கின்றன. இவை முதல்வகையைச் சாரும். பேர்லின் கட்டத் தாளோ, ஐயமின்றி இரண்டாம் வகையினது.

இப்பிரச்சினை நமக்குப் புறம்பானதன்று. 1977இன் பொருளாதாரத் திறப்பையும் 1978இல் கட்டுநாயக்க ஏற்றுமதி வலயத்தின் தொடக்கத்தையும் தொடர்ந்து, ஆடைத் தொழில் இலங்கையின் முதன்மையான கைத்தொழில் ஏற்றுமதியாக வளர்ந்தது. அதன் உழைப்பாளருட் பெரும்பான்மையோர் பெண்கள். ஓர் ஆடையில் வணிகச் சின்னத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். வடிவமைப்பாளரின் பெயரும் சிலவேளை கூறப்படும். அச்சின்னத்தைத் தையலாக வாசித்தவரின் பெயர் எங்கும் இராது. மொழிபெயர்ப்பாளரின் பெயரை நூலின் முகப்பில் இடவேண்டுமென வாதாடும் நாம், இம்மொழிபெயர்ப்பாளர் பற்றி மௌனமாயிருத்தல் முரண்பாடாகும். 'பொத்தானை அழுத்தினாற் போதும்' என்னும் விளம்பரம் ஓர் அழகியல் தவறு மட்டுமன்று. அவ்வுழைப்பின் விலையைக் குறைப்பதற்கான வாதமுமாகும். செய்வதற்கு ஏதுமில்லை எனப்படும் வேலைக்கு எவரும் உரிய கூலி வழங்கார்.

அண்மைக்காலச் செயற்கை நுண்ணறிவு இவ்வினாவை மேலும் கூர்மையாக்கியுள்ளது. சில சொற்களை இட்டதும், பூத்தையல் போலவே தோன்றும் படங்களை அது தருகின்றது. அவற்றில் நூலின் மினுக்கம் உண்டு, முடிச்சின் நிழலும் உண்டு. ஆனால் அந்நூல் எங்கே துணியுட் புகுந்தது, எங்கே மீண்டது என்று தேடினால் விடை கிடையாது. எந்த ஊசியும் செல்லவியலாத பாதைகள் அங்கே காணப்படும். தையலின் தோற்றம் வேறு, தையல் வேறு. இவ்வாறான படத்தைத் தந்து 'இதனையே தைத்துத் தருக' எனக் கேட்கும் வாடிக்கையாளருக்கு இயலுவது எது, இயலாதது எது என எடுத்துரைக்கும் பணியும் இன்று பெயரற்ற அந்த வாசகரையே சாருகின்றது.

அவ்வாறாயின் பொறிப் பூத்தையலை மதிப்பிடும் அளவுகோல்கள் யாவை? மூலப்படத்தை எவ்வளவு ஒத்திருக்கின்றது என்பது கடைசியாகக் கேட்கவேண்டிய வினா. நூலின் திசை பொருளின் இயல்பைக் கூறுகின்றதா, விடப்பட்டவை விடத்தக்கவையா, தையலின் ஒழுங்கு துணியைச் சுருக்காமற் காத்துள்ளதா என்பனவே முதலில் எழவேண்டியவை. துணியைப் புரட்டிப் பின்புறத்தையும் நோக்கல் வேண்டும். காரணமற்ற தாவல்களும் நூற்குவியல்களும் அங்கே மலிந்திருப்பின், முன்புறம் எத்துணைப் பொலிவுடையதாயினும் அது சிந்தித்துச் செய்யப்பட்டதன்று எனக் கொள்ளலாம். ஒவ்வொரு சங்கமும் கழகமும் தன் சின்னத்தைத் தைப்பிக்கும்போது இவ்வினாக்களைக் கேட்குமாயின், அவற்றுக்கு விடை கூறவல்லவரைத் தேடவும் நேரும். அவரைத் தேடிக்கண்டபின் அவரது உழைப்புக்கு உரிய ஊதியத்தையும், இயலுமிடத்துப் பெயரையும் வழங்குதல் அடுத்த படியாகும். பொறியை எதிர்ப்பதாலன்று, பொறிக்குப் பின்னாலுள்ள தீர்மானத்தை இனங்காண்பதாலேயே இத்துறையில் விமரிசனம் தன் பணியைத் தொடங்க முடியும்.